பகலில் பளிச்... இரவில் காணோம்! சாலைக் கோடுகளுக்குத் தேவை இரவுச் சோதனை

புதுதில்லி: ஹைதராபாதின் போவன்பள்ளி வழியாக நள்ளிரவில் வண்டி ஓட்டிச் செல்பவருக்குத் துணையாக இருப்பது தரையில் உள்ள கையகல வெள்ளைக் கோடு ஒன்றுதான். அது கண்ணுக்குத் தெரிந்தால் அவர் தன் தடத்திலேயே செல்வார். தெரியாவிட்டால், எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கைக் கண்டு ஒதுங்குவதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

சாலைப் பணியில் கடைசியாகச் செய்யப்படுவது கோடு போடும் வேலை. பணத்திலும் சிறு பங்கே அதற்குச் செலவாகிறது. எனவே, எந்த வண்ணப்பூச்சைத் தேர்ந்தெடுப்பது, அதை எப்படிப் பூசுவது என்ற கேள்விகள் பெரும்பாலும் யார் கவனத்துக்கும் வருவதில்லை. ஆனால் அந்தக் கோடு யாருக்காகப் போடப்படுகிறதோ அவர் அதைப் பார்ப்பது இரவில். அதை அளந்து பணம் வழங்குபவர் பார்ப்பதோ பகலில். இந்த இடைவெளியில்தான் பல உயிர்கள் ஊசலாடுகின்றன.

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் புள்ளிவிவரப்படி, 2022-ம் ஆண்டில் நாட்டில் 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பாதசாரி. இவை அனைத்துக்கும் கோடு அழிந்ததே காரணம் என்று எவரும் கூற முடியாது. ஆனால், தடம் மாறுதல், நிறுத்தக் கோட்டைத் தாண்டுதல், பாதசாரி கடக்கும் இடத்தைக் கவனியாமை ஆகிய தவறுகளைக் குறைக்க உள்ள மிக மலிவான கருவி அதுதான்.

போவன்பள்ளி ஏன்?

செகந்திராபாதை ஒட்டியுள்ள போவன்பள்ளி, சாலைக் கோட்டுக்கு வரக்கூடிய சோதனைகள் அனைத்தும் ஒன்றுகூடும் இடம். ஸ்ரீநகரில் தொடங்கி, தில்லி, நாகபுரி வழியாக வந்து, ஓசூர், சேலம், நாமக்கல், மதுரை வழியாகக் கன்னியாகுமரியில் முடியும் 44-வது தேசிய நெடுஞ்சாலை இதன் வழியே செல்கிறது. பழைய 7-வது தேசிய நெடுஞ்சாலை என்றால் தமிழக லாரி ஓட்டுநர்களுக்கு எளிதில் விளங்கும்.

இங்குள்ள டாக்டர் அம்பேத்கர் காய்கறிச் சந்தை பெரிய மொத்த விற்பனைச் சந்தை. சந்தைக் கழிவிலிருந்து மின்சாரம் தயாரிக்கப்படுவதைப் பிரதமர் மோடி 2021 ஜனவரியில் தன் வானொலி உரையில் பாராட்டியது இந்தச் சந்தையைத்தான். விடிவதற்கு முன்னரே சரக்கு வண்டிகள் வந்து சேரும் சந்தைச் சாலைகளில் மண்ணும் எண்ணெய்ப் பிசுக்கும் காய்கறிச் சக்கையும் படிவது இயல்பு. சக்கரங்களின் தேய்மானத்துக்கு அடுத்தபடியாகக் கோட்டின் பெரிய எதிரி இந்த அழுக்குதான்.

போவன்பள்ளியின் ஒரு பகுதி கண்டோன்மென்ட் எல்லையிலும் மற்றொரு பகுதி மாநகராட்சி எல்லையிலும் உள்ளன. நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிறது. இந்நிலையில், பாரடைஸ் சந்திப்பிலிருந்து போவன்பள்ளி வழியாக டெய்ரி ஃபார்ம் சாலை வரை 5.32 கி.மீ. நீளத்துக்கு ரூ. 1,580 கோடியில் திட்டமிடப்பட்ட உயர்மட்டச் சாலைக்கு, தெலங்கானா முதல்வர் ரேவந்த் ரெட்டி 2024 மார்ச் 9-ம் தேதி அடிக்கல் நாட்டினார். பேகம்பேட்டை விமான நிலையத்தை ஒட்டிய பகுதியில் சிறிது தூரம் சுரங்கப்பாதையும் இத்திட்டத்தில் அடங்கும்.

தார்ச் சாலை, கான்கிரீட் பாலம், சுரங்கம், சந்தைச் சாலை என நான்கு விதமான தரைகள் சில கிலோமீட்டருக்குள் அமையும்போது, அனைத்துக்கும் ஒரே பூச்சு பொருந்தாது.

கோடு வந்த கதை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1911-ம் ஆண்டு எட்வர்ட் ஹைன்ஸ் என்ற சாலை நிர்வாகியின் முயற்சியால் சாலை நடுவே வெள்ளைக் கோடு போடப்பட்டது. ஒழுகிக்கொண்டே சென்ற பால் வண்டி தரையில் விட்டுச் சென்ற தடத்தைப் பார்த்து அவருக்கு அந்த எண்ணம் தோன்றியதாகக் கூறுவர். பாதசாரிகளுக்கான வரிக்குதிரைக் கோடுகள் 1949-ல் பிரிட்டனில் சோதித்துப் பார்க்கப்பட்டு, 1951-ல் நடைமுறைக்கு வந்தன.

இந்தியாவில் சாலைகளுக்கான விதிமுறைகளை வகுக்கும் இந்திய சாலைப் பேரவை 1934-ல் தொடங்கப்பட்டது. கோடுகள் குறித்த அதன் விதித்தொகுப்பு ஐ.ஆர்.சி. 35 எனப்படுகிறது. 1970-ல் முதலில் வெளியான இத்தொகுப்பு 1997-லும் 2015-லும் திருத்தப்பட்டது. எந்தக் கோடு எந்த நிறத்தில், எந்த அகலத்தில், எவ்வளவு இடைவெளியில் இருக்க வேண்டும் என்பதை இதுவே முடிவு செய்கிறது. எந்தப் பொருளைக் கொண்டு பூச வேண்டும் என்பதை, 'ஆரஞ்சுப் புத்தகம்' எனப் பொறியாளர்கள் அழைக்கும் மத்திய அமைச்சகத்தின் விவரக்குறிப்பு நூல் கூறுகிறது.

எந்தப் பூச்சு எந்தச் சாலைக்கு?

சாலைப் பூச்சுகளில் மிகப் பழையது, டப்பாவில் வாங்கி அப்படியே பூசும் சாதாரண வண்ணப்பூச்சு. விலை குறைவு, பூசுவது எளிது. ஆனால் மெல்லிய படலமாகவே படிவதால், போக்குவரத்து மிகுந்த சாலையில் சில மாதங்களில் தேய்ந்துவிடும். நீரில் கரையும் பூச்சுகளும் இவ்வகையைச் சேர்ந்தவையே. குழாய்க்கும் கம்பிவடத்துக்கும் அடிக்கடி தோண்டப்படும் தெருவில் விலை உயர்ந்த பூச்சைப் போடுவது வீண். அங்கு இதுவே போதும்.

இரண்டாவது, இன்று நெடுஞ்சாலைகளில் பெரிதும் பயன்படும் தெர்மோபிளாஸ்டிக். உண்மையில் இது வண்ணப்பூச்சே அல்ல. பிசின், வெண்ணிறமி, கண்ணாடி மணிகள், சுண்ணாம்புத் தூள் ஆகியவை கலந்த பொடியாக மூட்டைகளில் வருகிறது. இதைச் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருக்கித் தரையில் வார்க்கின்றனர். சில நிமிடங்களில் இறுகிவிடும். தாரும் வெப்பத்தில் இளகக் கூடியது என்பதால் இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகப் பிணைகின்றன.

மூன்றாவது, 'குளிர் பிளாஸ்டிக்' எனப்படும் இரு கூட்டுப் பூச்சு. பிசினையும் அதை இறுகச் செய்யும் பொருளையும் பணியிடத்திலேயே கலந்து பூச வேண்டும். சூடேற்றத் தேவையில்லை. கான்கிரீட்டிலும் நன்கு ஒட்டும். வண்டிகள் திரும்பும்போதும் நிற்கும்போதும் சக்கரங்கள் அரைத்துத் தேய்க்கும் சந்திப்புகளுக்கும் பாதசாரி கடக்கும் இடங்களுக்கும் ஏற்றது. விலைதான் தடை.

நான்காவது, தொழிற்சாலையிலேயே தயாரித்து ஒட்டப்படும் பட்டைகள். தற்காலிகக் கோடுகளுக்கும், அம்புக்குறி போன்ற அடையாளங்களுக்கும் இவை உதவுகின்றன.

ஆக, 'எது சிறந்த பூச்சு' என்பது தவறான கேள்வி. தரை தாரா, கான்கிரீட்டா. வண்டிகள் நேராகச் செல்கின்றனவா, திரும்புகின்றனவா. அந்தச் சாலை அடுத்து எப்போது தோண்டப்படும் என்ற மூன்றுக்கும் விடை தெரிந்த பிறகே பூச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஒரு கிலோமீட்டருக்கு அரை டன்

தெர்மோபிளாஸ்டிக் கலவையில் வெள்ளை நிறத்துக்கு டைட்டானியம் டையாக்சைடு குறைந்தது 10 சதவீதமும், பிசின் குறைந்தது 18 சதவீதமும், கண்ணாடி மணிகள் 30 முதல் 40 சதவீதமும் இருக்க வேண்டும் என்பது விதி. கோட்டின் கனம் 2.5 மில்லிமீட்டர்.

இந்த வெண்ணிறமிக்கான இல்மனைட் தாது, கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி, கேரளத்தின் சவரா ஆகிய கடற்கரைகளின் மணலில் கிடைக்கிறது. கலவையில் விலை மிகுந்த பொருள்களுள் நிறமியும் ஒன்று. மலிவானது சுண்ணாம்புத் தூள். நிறமியைக் குறைத்துத் தூளைக் கூட்டினாலும் முதல் சில நாள்களுக்குக் கோடு வெள்ளையாகவே தெரியும். பின்னர் வெயிலிலும் அழுக்கிலும் மங்கிவிடும்.

கனத்தின் கணக்கு இன்னும் தெளிவானது. 10 சென்டிமீட்டர் அகலமுள்ள தொடர்கோடு ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குச் சென்றால் அதன் பரப்பு 100 சதுர மீட்டர். 2.5 மி.மீ. கனத்தில் அதற்குத் தேவைப்படும் கலவை கால் கன மீட்டர். எடையில் ஏறத்தாழ அரை டன். கனத்தை 1.5 மி.மீட்டராகக் குறைத்தால் கிலோமீட்டருக்குச் சுமார் 200 கிலோ மிச்சம். நின்று பார்ப்பவரின் கண்ணுக்கு இந்த ஒரு மில்லிமீட்டர் தெரியாது. பூசும்போது சிறு உலோகத் தகட்டை வைத்து, அதன்மேல் படிந்த கலவையை எடுத்து அளந்தால் மட்டுமே உண்மை வெளிப்படும்.

இருளில் ஒளிரும் மணிகள்

எவ்வளவு வெண்மையான பூச்சும் இரவில் தானாக ஒளிராது. முகப்பு விளக்கின் ஒளி சாய்வாகத் தரையில் விழுந்து, முன்னோக்கிச் சிதறிப் போய்விடும். அதைத் திருப்பி ஓட்டுநரின் கண்ணுக்கு அனுப்புபவை கண்ணாடி மணிகள். பொடிமணல் அளவே உள்ள இந்த உருண்டைகளுக்குள் நுழையும் ஒளி, அடியிலுள்ள வெண்பூச்சில் பட்டு, வந்த வழியே திரும்புகிறது.

கலவைக்குள் உள்ள மணிகள் மேற்பரப்பு தேயத் தேய வெளிப்படுபவை. முதல் நாளிலிருந்தே ஒளி தருவதற்காக, கோடு சூடாக இருக்கும்போதே சதுர மீட்டருக்கு 250 கிராம் மணிகளை அதன்மேல் தூவ வேண்டும். மேலே கணக்கிட்ட ஒரு கிலோமீட்டர் கோட்டுக்கு 25 கிலோ மணிகள் தேவைப்படும்.

தூவும் நேரம் மிக முக்கியம். ஒவ்வொரு மணியும் பாதிக்குச் சற்று அதிகமாகப் பூச்சில் அமிழ வேண்டும். கலவை மிகச் சூடாக இருந்தால் மணிகள் முழுவதும் மூழ்கிவிடும், ஒளி புகாது. ஆறிய பின் தூவினால் மேலேயே நின்று, சில நாள்களில் சக்கரங்களில் ஒட்டிப் போய்விடும். இரண்டு தவறுகளும் பகலில் தெரியா. கோடு பளிச்சென்றுதான் இருக்கும். இருட்டிய பிறகே காணாமல் போகும்.

ஒளியைத் திருப்பி அனுப்பும் திறனை அளக்கக் கையடக்கக் கருவிகளும், வண்டியில் பொருத்தி ஓடிக்கொண்டே அளக்கும் கருவிகளும் உள்ளன. சாலையின் வேகத்துக்கேற்ப இத்திறன் எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கும் விதி உண்டு. எனவே, கருவியும் இருக்கிறது; விதியும் இருக்கிறது. ஒவ்வொரு பணியிலும் அளந்து பார்ப்பதுதான் வழக்கமாக வேண்டும்.

மழையும் இருசக்கர வாகனமும்

நல்ல கோடும் மழை இரவில் தோற்றுவிடுவதுண்டு. மணிகளின் மேல் நீர்ப்படலம் படிந்தால், ஒளி அதிலேயே வழுக்கி முன்னே சென்றுவிடும். பருவமழைக் காலத்தில், கோடு மிகவும் தேவைப்படும் நேரத்திலேயே அது மறைந்துபோகிறது. இதற்குத் தீர்வாக, நீருக்கு மேலே தலைநீட்டும் பெரிய மணிகளையும், புடைப்புகளுடன் வார்க்கப்படும் கோடுகளையும் பயன்படுத்தலாம். சக்கரம் ஏறும்போது அதிர்வு எழுப்பித் தூங்கும் ஓட்டுநரை எழுப்புவது அந்தப் புடைப்புகளின் இன்னொரு பயன்.

மறுபுறம், வழவழப்பான அகலப் பட்டைகள் மழையில் வழுக்குபவை. காரில் செல்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது. சந்திப்பில் சாய்ந்து திரும்பும் இருசக்கர வாகன ஓட்டிக்கு இதுவே எமனாகலாம். பாதசாரி கடக்கும் இடங்களிலும் அம்புக்குறிகளிலும் சொரசொரப்பான மணல் துகள்களையும் சேர்த்துத் தூவ வேண்டும் என்பது இதனால்தான்.

பூசும் கைகள்

கோட்டின் ஆயுளில் பெரும்பகுதி பூசுவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது. தரை உலர்ந்திருக்க வேண்டும். தூசியும் எண்ணெயும் நீங்க வேண்டும். புதிதாகப் போட்ட தார்ச் சாலையில் உடனே கோடு போட்டால், தாரிலுள்ள எண்ணெய் கசிந்து வெள்ளை பழுப்பாகும். கான்கிரீட்டிலும் பழைய தாரிலும் முதலில் ஒட்டுப்பூச்சு தடவ வேண்டும். அதைத் தவிர்த்தால் கோடு பாளம் பாளமாகப் பெயர்ந்து வரும். திறப்பு விழாவுக்கு நாள் குறித்த பிறகு, இவற்றுக்கெல்லாம் பொறுமை எங்கிருந்து வரும்?

வேலை பெரும்பாலும் போக்குவரத்து குறைந்த இரவில்தான் நடக்கிறது. கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் குறி இடுபவர், எரிவாயு உருளையால் சூடேறும் கொப்பரையைக் கிளறுபவர், கலவையை நிரப்பிய தள்ளுவண்டியைக் கோணாமல் தள்ளிச் செல்பவர் எனச் சிலரே ஒரு குழுவில் இருப்பர். 200 டிகிரி வெப்பமுள்ள கலவை தோலில் தெறித்தால் ஒட்டிக்கொண்டு எரிக்கும். அருகிலேயே வண்டிகள் விரைந்து செல்லும். கையுறை, காலணி, ஒளிரும் மேலாடை, முன்கூட்டியே வைக்கப்படும் எச்சரிக்கைக் கூம்புகள் ஆகியவை இல்லாவிட்டால், பிறர் உயிர் காக்கக் கோடு போடுபவர் தன் உயிரைப் பணயம் வைக்கிறார்.

பழைய கோட்டின் ஆவி

மேம்பாலப் பணி நடக்கும் சாலைகளில் வேறொரு ஆபத்தும் உண்டு. தூண்களுக்காக வழி திருப்பப்படும்போது தடங்கள் மாறும். புதிய கோடு போடப்பட்டாலும் பழையதைச் சுரண்டி எடுக்காமல், அதன்மேல் கறுப்பு வண்ணம் அடித்து மறைப்பது எளிய வழி. பகலில் அது மறைந்துவிடும். மழை இரவில் முகப்பு விளக்கொளியில் அந்தக் கறுப்புக் கோடு பளபளத்து மீண்டும் எழும். இரண்டு கோடுகளில் எது உண்மை என்று ஓட்டுநர் திகைக்கும் ஒரு நொடி போதும், தூணில் மோதுவதற்கு.

பணி நடக்கும் இடங்களில் பாதுகாப்பு ஏற்பாடுகளுக்கென ஐ.ஆர்.சி. தனி வழிகாட்டுதலே வெளியிட்டுள்ளது. ஆண்டுக்கணக்கில் நீளும் திட்டத்தில் 'தற்காலிகம்' என்ற பெயரில் மட்டமான பூச்சைப் போடுவது சிக்கனம் ஆகாது.

மஞ்சளில் மறைந்த ஈயம்

தாண்டக் கூடாத இடங்களைக் குறிக்கும் மஞ்சள் கோட்டில் வேறொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. வெப்பத்தையும் வெயிலையும் தாங்கும் மலிவான மஞ்சள் நிறமியாக நெடுங்காலம் பயன்பட்டது ஈயம் கலந்த லெட் குரோமேட். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும் நஞ்சு. வீட்டு உபயோக, அலங்காரப் பூச்சுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என 2016-ல் மத்திய அரசு அறிவித்த விதி, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. சாலைப் பூச்சு இந்த வரையறைக்குள் வராது.

ஆனால் சாலையில் தேய்ந்த கோடு எங்கும் போய்விடுவதில்லை. தூசியாகக் காற்றிலும், மழைநீரோடு கால்வாயிலும் கலக்கிறது. ஐரோப்பாவில் சாலைக் கோடு உள்ளிட்ட பயன்பாடுகளுக்கு இந்நிறமியை விற்க வழங்கப்பட்ட அனுமதியை, ஸ்வீடன் தொடுத்த வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் 2019-ல் ரத்து செய்தது. ஈயமற்ற மாற்று நிறமிகள் சந்தையில் உள்ளன. ஒப்பந்தப் புள்ளி கோரும்போதே 'ஈயமற்ற மஞ்சள்' என்ற இரண்டு சொற்களைச் சேர்க்க எந்த உள்ளாட்சி அமைப்புக்கும் தடையில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சாலைப் பாதுகாப்பு குறித்து உச்ச நீதிமன்றத்தில் நடைபெறும் முக்கிய வழக்கு, கோவையைச் சேர்ந்த எலும்பு மருத்துவ நிபுணர் எஸ். ராஜசேகரன் 2012-ல் தொடர்ந்தது. அதன் விளைவாக 2014-ல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. 2017 நவம்பரில் விரிவான உத்தரவுகள் பிறப்பிக்கப்பட்டன.

2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 198-ஏ பிரிவு, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் உரிய தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ரூ. 1 லட்சம் வரை அபராதம் விதிக்க வழி செய்கிறது. தேசிய நெடுஞ்சாலை அல்லாத சாலைகளின் தரம் குறித்து விதிகள் வகுக்கும் அதிகாரத்தை 210-டி பிரிவு மாநிலங்களுக்கு வழங்குகிறது. இவ்விதிகளை 6 மாதங்களுக்குள் வகுக்குமாறு மாநிலங்களுக்கு 2025 அக்டோபர் 7-ம் தேதி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ராஜசேகரன் வழக்கிலேயே இந்த உத்தரவும் பிறப்பிக்கப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது.

போவன்பள்ளி போல் பல அமைப்புகளின் எல்லைகள் சந்திக்கும் இடத்தில், எந்தக் கோடு யார் பொறுப்பு என்பது எழுத்தில் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் புதுக்கோடு மற்றவரின் எல்லையில் திடீரென முடிந்துபோகும். ஓட்டுநருக்கு எல்லைப் பலகை தெரியாது. கோடு மட்டுமே தெரியும்.

செய்ய வேண்டியது பெரிதல்ல. கலவையின் மாதிரியைச் சோதனைக்கு அனுப்புவது, பூசும்போதே கனத்தை அளப்பது, சில நாள் கழித்து இருட்டில் ஒளித்திறனை அளப்பது, உத்தரவாதக் காலம் முடிவதற்குள் மீண்டும் ஒருமுறை அளப்பது ஆகிய நான்கும் போதும். பணம் வழங்கும் முன் பொறியாளர் ஒருவர், முடிந்தால் மழை பெய்யும் இரவொன்றில், தாமே அந்தச் சாலையில் வண்டி ஓட்டிப் பார்ப்பது இவை அனைத்தையும்விட எளிய சோதனை. அவருக்குக் கோடு தெரிந்தால், விடிகாலையில் காய்கறி ஏற்றிக்கொண்டு போவன்பள்ளிக்கு வரும் ஓட்டுநருக்கும் தெரியும்.